பேயிடம் என்ன கேட்பது?
வினா, விடை வகைகளைக் கற்பிக்க ஒரு கதைப்பாத்திர ஆட்டம்

அறியா வினா என்றால் என்ன என்று கேட்டால் பத்தாம் வகுப்பு மாணவர்கள் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். “சரி, உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது கேள்” என்றால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. வினாவின் வகைகள் ஆறும் விடையின் வகைகள் எட்டும் மனப்பாடமாக இருக்கின்றன. ஆனால், ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தேவையிலிருந்து கேட்ட கேள்வி அவர்கள் வாயிலிருந்து அரிதாகவே வருகிறது. வகுப்பறையில் கேள்வி கேட்பவர் ஆசிரியர், விடை சொல்பவர் மாணவர் என்பது பழகிப்போன ஒழுங்கு. கேட்கும் இடத்தில் மாணவரை நிறுத்த என்ன செய்யலாம் என்று தேடியபோது எனக்குக் கிடைத்த வழி ஒரு பேய்க்கதை ஆட்டம். அதை எவ்வாறு அமைத்தேன், எவ்வாறு நடத்தினேன், எந்த இடங்களில் கவனம் தேவை என்பதை இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

ஆட்டத்தின் பின்னணி

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் ‘டன்ஜியன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கதைப்பாத்திரத்தை ஏற்று, பேசிப் பேசியே விளையாடும் ஆட்டம் அது. ஒருவர் ஆட்ட நடத்துநர். அவர் காட்சியை விவரிப்பார். மற்றவர்கள் “நான் கதவைத் திறக்கிறேன்”, “நான் மறைந்து நின்று கேட்கிறேன்” என்று தங்கள் பாத்திரத்தின் செயலைச் சொல்வார்கள். முடிவு ஐயமாக இருக்கும் இடத்தில் மட்டும் பகடை உருட்டப்படும். இந்த ஆட்டத்திலிருந்து இன்று எத்தனையோ வகை ஆட்டங்கள் கிளைத்துள்ளன.

இவ்வாட்டங்களில் வரும் அரக்கர்களுக்கும் பேய்களுக்கும் விதிப்புத்தகத்தில் தனித்தனிக் குறிப்புகள் உண்டு. டன்ஜியன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டு விதிப்புத்தகத்தில் உள்ள பேய் பற்றிய குறிப்பு ஓர் ஆசிரியராக என்னைக் கவர்ந்தது. அந்தப் பேய் சுவர்களின் ஊடே செல்லும். சாதாரண ஆயுதங்கள் அதை முழுமையாகத் தாக்காது. அதன் முகத்தைப் பார்த்தவர் அஞ்சி நடுங்குவார். சில வேளைகளில் ஒரே பார்வையில் பத்து முதல் நாற்பது வயது வரை கூடிவிடும். இவ்வளவு ஆற்றல் உள்ள பேயை ஓர் இடத்திலிருந்து நீக்க எளிய வழியாக அப்புத்தகம் சொல்வது, அது உயிரோடிருந்தபோது முடிக்காமல் விட்ட காரியத்தை முடித்து வைப்பது.

அந்தக் காரியம் என்னவென்று தெரிய வேண்டுமானால் கேட்க வேண்டும். வாளால் தீராத சிக்கலை வினாவால் தீர்க்கும் அமைப்பு அந்த ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. நான் எடுத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

பேயை உருவாக்குதல்

பேய்க்காட்சி ஒன்றைத் திட்டமிடும்போது முதலில் எழுத வேண்டியது பேயின் தோற்றம் அன்று. அது எதை அறியாமல் தவிக்கிறது, எதை முடிக்காமல் போனது என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். தோற்றம், ஒலி, இடம் எல்லாம் அந்த வரியிலிருந்து தாமாக வரும்.

ஒன்பதாம் வகுப்பில் ‘நீரின்றி அமையாது உலகு’ பாடத்தில் மாணவர்கள் குமிழித்தூம்பு பற்றிப் படித்திருக்கிறார்கள். ஏரி நிரம்பும் காலத்தில் நீந்துவதில் வல்லவர் ஒருவர் நீருக்குள் மூழ்கிச் சென்று தூம்பைத் தூக்குவார். நீரோடித்துளை வழியே நீரும் சேறோடித்துளை வழியே சேறும் வெளியேறும். என் பேய் இந்தப் பாடத்திலிருந்து பிறந்தது.

கதை இதுதான். கற்பனை நாடு ஒன்றில் ஏரிக்கரை ஊர். நூறு ஆண்டுகளுக்கு முன் அடைமழை இரவில், கரை உடையப்போகும் நேரத்தில், தூம்பைத் திறக்க ஒருவர் மூழ்கினார். திரும்பி வரவில்லை. அவர் பயந்து ஊரைவிட்டு ஓடிவிட்டார் என்று ஊர் பேசியது. இன்றும் அவருடைய வழியினருக்கு ‘ஓடிப்போனவர் வீட்டார்’ என்று பெயர். இப்போது தூம்பு அடைத்துக்கொண்டு வயல்கள் காய்கின்றன. மூழ்கித் திறக்கப் போகிறவர்களை ஒரு பேய் மறிக்கிறது. பேயை விரட்ட ஊர்த்தலைவர் ஐந்து பேரை அழைக்கிறார். நாற்று ஐந்து நாள்தான் தாங்கும்.

நான் எழுதிக்கொண்ட ஒரு வரி: “அன்றிரவு கரை நின்றதா என்பது அவருக்குத் தெரியாது.”

மூழ்கியவர் தம் வேலை பயன்பட்டதா என்று அறியாமலே இறந்தார். அதனால் பேய் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: “கரை நின்றதா?” அதற்கு நம்பத்தகுந்த விடை கிடைத்தால் வழிவிடும்.

மூன்று தடயங்கள்

ஜஸ்டின் அலெக்சாண்டர் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் சொல்லும் விதி ஒன்று பயனுள்ளது. விளையாடுபவர்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டுமானால் அதை நோக்கிக் குறைந்தது மூன்று தடயங்களையாவது வைக்க வேண்டும். ஒன்றைக் கவனிக்காமல் விடுவார்கள், ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும். நாம் வினாத்தாளில் ஒரே கருத்தைப் பலவாறு கேட்பதைப் போன்றது இது. நான் வைத்தவை:

1. கரையில் பாதி புதைந்த நடுகல். மனித உருவத்தின் காலடியில் அலைகள். தேய்ந்த எழுத்தில் ‘மூழ்கி’ என்ற ஒரு சொல் மட்டும் படிக்க முடிகிறது.

2. ஊர்க்கணக்கு ஓலை. அந்த மழைக்கு அடுத்த அறுவடையில் ஏரிக்குக் கீழுள்ள எல்லா வயல்களிலிருந்தும் நெல் முழுமையாக அளக்கப்பட்டதாகக் குறிப்பு. கரை உடைந்திருந்தால் வயல்கள் மணல்மேடாகியிருக்கும், நெல் வந்திருக்காது.

3. ஊரின் மூத்த பாட்டி தம் பாட்டியிடம் கேட்ட செய்தி. வெள்ளத்துக்குப் பயந்து மரக்கிளையில் கட்டிய தொட்டிலை விடியும் முன்பே இறக்கிவிட்டார்களாம்.

மூன்றில் எதிலும் விடை நேராக இல்லை. மாணவர்களே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நாற்பது பேருக்கு எப்படி?

இந்த ஆட்டம் பொதுவாக ஐந்தாறு பேருக்கானது. நம் வகுப்பறைக்கு ஏற்ப, ஒரு குழுவே ஒரு பாத்திரம் என்று மாற்றினேன். எட்டுப் பேர் கொண்ட ஐந்து குழுக்கள்: காவலர், மருத்துவச்சி, சிற்பி, நீச்சல்காரர், கணக்கர். நடுகல்லைச் சிற்பியும் ஓலையைக் கணக்கரும் மற்றவர்களைவிட நன்றாக வாசிப்பார்கள். குழு கூடிப் பேச ஒரு நிமிடம். பின்பு ஒருவர் எழுந்து சொல்வார். ஒவ்வொரு முறையும் வேறொருவர் எழ வேண்டும் என்பது கட்டாயம்.

தேவையான பொருள்கள் மிகக் குறைவு: இரண்டு பகடைகள், ஐந்து பாத்திர அட்டைகள், தடயங்களை எழுதிய மூன்று தாள்கள். கரும்பலகையில் ஐந்து கட்டங்கள் வரைந்துகொண்டேன். பேயைத் தாக்கினாலும் முயற்சி தோற்றாலும் ஒரு கட்டம் அழிக்கப்படும். ஐந்தும் அழிந்தால் நாற்று கருகிவிடும். ஆட்டத்துக்கு இரண்டு பாடவேளைகளும் எழுதுவதற்கு ஒரு பாடவேளையும் ஆயின.

பகடை விதியும் எளியது. இரண்டு பகடைகளின் கூடுதல் 8 அல்லது அதற்கு மேல் என்றால் வெற்றி. பேய்க்கு விடை சொல்லும்போது எடுத்துக்காட்டும் ஒவ்வொரு சான்றுக்கும் 1 கூட்டிக்கொள்ளலாம். மொத்தமுள்ள 36 வாய்ப்புகளில், சான்றே இல்லாமல் வெற்றி 15. ஒரு சான்றுடன் 21. இரண்டு சான்றுகளுடன் 26. மூன்றுடன் 30. அதாவது வெற்றிக்கான நிகழ்தகவு ஏறத்தாழ 42 விழுக்காட்டிலிருந்து 83 விழுக்காடாக உயர்கிறது. கணித ஆசிரியர் இந்தப் பட்டியலைத் தம் வகுப்பில் நிகழ்தகவுக் கணக்காகச் செய்வித்தார். “சான்று கூடினால் நம்பகம் கூடும்” என்பதை எண்ணாகவே மாணவர்கள் கண்டனர்.

காட்சியை விவரித்தல்

பேயை உடனே காட்டிவிடக் கூடாது. குறி, தோற்றம், பேச்சு என்று மூன்று படிகளாகக் கொண்டுவர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு புலனுக்கு மட்டும் விவரம் கொடுங்கள்.

முதலில் குறி. காய்ந்த கரையில் ஈரக் காலடிகள். அவை நீரை நோக்கிப் போகின்றன. திரும்பி வரும் காலடி ஒன்றுகூட இல்லை. இதைச் சொல்லிவிட்டு மனத்துக்குள் ஐந்து வரை எண்ணினேன். அந்த இடைவெளியில்தான் மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்து தோற்றம். நீர்ப்பரப்பில் குமிழிகள், பிறகு ஓர் உருவம். தலையிலிருந்து நீர் சொட்டுகிறது, சொட்டிய நீர் தரையை நனைக்கவில்லை. கோரைப்பற்களும் சிவந்த கண்களும் தேவையில்லை. இரத்தமும் வேண்டாம். பழகிய ஒன்றில் சிறிய மாறுபாடு இருந்தாலே போதும்.

கடைசியில் பேச்சு. குரலை உயர்த்தாமல், தணித்துப் பேசினேன். விளக்கை அணைக்கவோ சன்னலை மூடவோ இல்லை. பகல் வெளிச்சத்தில், தேவைப்பட்டால் யாரும் சிரித்துக்கொள்ளலாம் என்ற நிலையில் நடத்துவதே நல்லது.

வினாக்கள் வந்த விதம்

எதிர்பார்த்தபடி முதல் செயல் தாக்குதல்தான். காவலர் குழு வேல் எறிந்தது. வேல் நீருக்குள் போவதைப் போல உருவத்தின் ஊடே போனது. ஒரு கட்டம் அழிந்தது. மருத்துவச்சி குழு வேப்பிலை வீசியது. இரண்டாவது கட்டமும் போனது. இதற்குப் பிறகு எந்தக் குழுவும் எழவில்லை.

நீச்சல்காரர் குழுவில் பேச வேண்டிய முறை ஒரு மாணவிக்கு. வகுப்பில் கேட்டால் மட்டும் விடை சொல்பவர். தயங்கி எழுந்து, “உங்க துணி ஏன் இன்னும் ஈரமா இருக்கு?” என்றார். அந்த ஆண்டில் அவர் கேட்டு நான் கேட்ட முதல் கேள்வி அது. அவருக்கு உண்மையாகவே விடை தெரியாது. பேயின் குரலில், “நான் இன்னும் கரையேறவில்லை” என்றேன். அதன்பின் கேள்விகள் நிற்கவில்லை.

ஆறு வகைகளும் எப்படி வந்தன என்று பாருங்கள். “நீ மனுசனா, பேயா?” என்று ஒரு குழு கேட்டது ஐய வினா. “போர்த்திக்கொள்ளத் துணி இருக்கிறதா?” என்று மருத்துவச்சி கேட்டது, கொடுப்பதற்காகக் கேட்ட கொடை வினா. “தூம்பைத் தூக்கக் கயிறு இருக்கிறதா?” என்பது கொளல் வினா. “கொஞ்சம் வழிவிடுகிறீர்களா?” என்பது ஏவல் வினா. அறிவினாவை மட்டும் பேயின் வாயில் வைத்தேன். “ஏரியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? தூம்புக்கு எத்தனை துளை?” பேய்க்கு விடை தெரியும், இவர்களுக்குத் தெரியுமா என்றுதான் கேட்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பாடம் அந்த இடத்தில் நினைவுக்கு வந்தது. இரண்டு துளைகளின் பெயரையும் மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் சொல்லின.

விடை வகைகள் “கரை நின்றதா?” என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வந்தன. “நின்றது” என்பது நேர் விடை. “அதோ தெரிகிறதே, அந்தக் கரைதான்” என்பது சுட்டு விடை. “நிற்காமலா நெல் அளந்தார்கள்?” என்பது வினா எதிர் வினாதல். “வயலெல்லாம் விளைந்தது” என்பது இனமொழி விடை. “நீங்களே மேலே வந்து பாருங்கள்” என்பது ஏவல் விடை. மறை, உற்றது உரைத்தல், உறுவது கூறல் ஆகிய மூன்றும் ஆட்டத்தில் வரவில்லை. அவற்றை எழுத்துப்பணிக்கு வைத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு குழு வெறுமனே “நின்றது” என்றபோது, பேய் “உனக்கு எப்படித் தெரியும்?” என்று திருப்பிக் கேட்டது. ஆட்டத்தின் மையமே இந்தக் கேள்விதான். அதன் பிறகே நடுகல்லையும் ஓலையையும் பாட்டியையும் தேடிப் போனார்கள். கடைசியில் மூன்று சான்றுகளையும் அடுக்கிச் சொன்னபோது, நான் சொல்லிக்கொடுக்காமலே ‘நீ’ என்பது ‘நீங்க’ ஆகி, ‘தாத்தா’ ஆகியிருந்தது. “தாத்தா, கரை நின்னுச்சு. நீங்க போனதாலதான் நின்னுச்சு.” பகடையில் 6 விழுந்தது. மூன்று சான்றுகளைச் சேர்த்து 9. பேய் வழிவிட்டது.

ஆட்டம் முடிந்தது என்று நினைத்தபோது கணக்கர் குழுவிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். “பேய்க்குச் சொல்லிட்டோம். ஊருக்கு யார் சொல்றது? அந்த வீட்டுக்காரங்களை இன்னும் ஓடிப்போனவர் வீடுன்னுதானே கூப்பிடுவாங்க?” நான் திட்டமிடாத கேள்வி அது. மூன்றாவது பாடவேளையின் எழுத்துப்பணி அதுவே ஆயிற்று: ஊர்க்கூட்டத்தில் வாசிக்க ஒரு விண்ணப்பம், மூன்று சான்றுகளுடன். ஒரு பட்டப்பெயர் எப்படித் தலைமுறைகளுக்கு ஒட்டிக்கொள்கிறது என்பதைப் பற்றி மாணவர்கள் அதில் எழுதியவற்றைப் பாடநூலின் எந்தப் பயிற்சியிலும் நான் பெற்றதில்லை.

கவனிக்க வேண்டியவை

பேய் என்ற சொல் நம் சூழலில் வெறும் கதைச்சொல் அன்று. எனவே சில எல்லைகளை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும்.

உடலில் புகுதல்: மூல ஆட்டத்தின் விதிப்படி பேய் ஒருவரின் உடலில் புகுந்து அவரை ஆட்டுவிக்கலாம். இந்த விதியை நான் முழுமையாக நீக்கிவிட்டேன். மனநலச் சிக்கலோ உடல்நலக் குறைவோ உள்ளவர்களை, குறிப்பாகப் பெண்களை, ‘பேய் பிடித்தவர்’ என்று சொல்லி மருத்துவரிடம் அழைத்துச் செல்லாமல் துன்புறுத்துவது இன்றும் நடக்கிறது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் குழந்தை நம் வகுப்பில் இருக்கலாம். அதை விளையாட்டாக்கக் கூடாது.

நிறுத்தல் அட்டை: ஜான் ஸ்டாவ்ரொபொலஸ் என்பவர் இத்தகைய ஆட்டங்களுக்காக ‘எக்ஸ் அட்டை’ என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். பெருக்கல் குறி வரைந்த அட்டை ஒன்று நடுவில் இருக்கும். யாருக்கேனும் காட்சி தாங்க முடியாததாக இருந்தால் அதைத் தொட்டால் போதும். காட்சி மாற்றப்படும், காரணம் கேட்கப்படாது. குழுவுக்கு ஓர் அட்டை வைத்தேன். மூழ்கும் இரவை விவரிக்கத் தொடங்கியபோது ஒரு மாணவர் தொட்டார். அந்தப் பகுதியைத் தாண்டி விடியலுக்குப் போய்விட்டேன். வகுப்பு முடிந்த பின்பும் ஏன் என்று கேட்கவில்லை. அண்மையில் வீட்டில் இறப்பு நேர்ந்த மாணவர்கள் இருந்தால் இந்தக் கதையைத் தள்ளிவைப்பதே நல்லது.

அறிவியல் மனப்பான்மை: அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது நம் அரசமைப்பின் 51அ பிரிவு கூறும் அடிப்படைக் கடமைகளில் ஒன்று. ஆட்டம் தொடங்கும் முன்பே “பேய் கதையில் மட்டும்தான்” என்று சொல்லிவிட்டேன். முடிந்ததும் பாத்திர அட்டைகளைத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரைச் சொல்லி உட்கார்ந்தனர். பிறகு, “நீரில் குமிழி வர இயற்கையான காரணங்கள் என்ன?” என்று பேசினோம். சேற்றில் மட்கும் பொருள்களிலிருந்து மீத்தேன் வெளிவருவதையும், கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்லப்படும் வெளிச்சத்துக்குச் சதுப்பு நில வாயுக்கள் எரிவதே காரணம் என்ற விளக்கத்தையும் அறிவியல் ஆசிரியர் சேர்த்துச் சொன்னார்.

பெற்றோர்: 1980களில் அமெரிக்காவிலேயே இந்த ஆட்டம் குழந்தைகளைக் கெடுக்கும் என்று அஞ்சிய பெற்றோர் பலர் இருந்தனர். இங்கும் “பள்ளிக்கூடத்தில் பேய் விளையாட்டா?” என்ற கேள்வி வரும். தலைமையாசிரியரிடம் கதைச் சுருக்கத்தையும் கற்றல் நோக்கத்தையும் எழுத்தில் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

மதிப்பீடும் மாற்றங்களும்

குழுவில் ஒருவர் எல்லாக் கேள்விகளையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பட்டியலிலிருந்து வகைகளைத் தாங்களே பிரித்தனர். தாம் கேட்ட கேள்வி என்பதால் வகைப்படுத்துவதில் குழப்பம் குறைவாக இருந்தது. இரண்டு பட்டியல்களில் ஒரே கேள்வி வெவ்வேறு வகையில் இருந்தபோது, கேட்டவரின் நோக்கம் என்ன என்று அவரிடமே விசாரித்தனர். வகையை முடிவு செய்வது சொல்லின் வடிவமன்று, கேட்பவரின் நோக்கம் என்பது அவ்வாறு தெளிவாயிற்று. விண்ணப்பத்தில் சான்றைப் பயன்படுத்தியிருப்பதற்குத் தனி மதிப்பெண் அளித்தேன்.

தொடக்க வகுப்புகளுக்குப் பேய் வேண்டாம். பெயரை மறந்த ஒரு பூதம் போதும். நான்காம், ஐந்தாம் வகுப்பில், அது யாருடைய தோட்டத்தைக் காத்தது என்பதை ‘யார், எங்கே, எப்போது, ஏன்’ என்ற நான்கு சொற்களைக் கொண்டு குழந்தைகள் கேட்டுக் கண்டுபிடிக்கலாம். தோல்வி, நாள் கணக்கு, அச்சம் எதுவும் தேவையில்லை. பகடைக்குப் பதில் புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் உரைத்துப் பயன்படுத்தலாம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை சமூக அறிவியல் பாடத்தோடு இணைக்கலாம். நடுகல், ஓலை, வாய்மொழிச் செய்தி ஆகிய மூன்று தடயங்களும் வரலாற்றுச் சான்றின் மூன்று வகைகளே.

உங்கள் ஊரிலும் ஒரு மதகோ, பழைய கிணறோ, பாதி புதைந்த கல்லோ இருக்கும். அதைப் பற்றி யாருக்கும் விடை தெரியாத கேள்வி ஒன்றை முதலில் எழுதுங்கள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் ஒருவரை அங்கே நிறுத்துங்கள். பிறகு மாணவர்கள் பேசும்வரை காத்திருங்கள்.